விளக்கு வைத்த வேளையில் கேட்கப்பட்ட கேள்வியைக் குறித்து

ஏரி தன் கரைக்குள் நிற்க, கலப்பை மண்ணுக்குள் இறங்க, உழுதவர் வயிறு முதலில் நிறைக.

வெண்ணாவல் நாட்டையும் அதன் ஏரிகளையும் காத்து நிற்பவளும், நாவற்கொடி ஏந்திய குலத்தின் மூத்த மகளும், கொற்றநாவலூர் அரியணையில் வீற்றிருப்பவளுமாகிய அழகிய நாச்சியார், நம் உடன்பிறந்த இளவலும், தென்கரைச் சீமையின் காவலரும், மதயானைக்கு எதிரே நின்றும் கண்ணிமையாதவர் என்று புலவர் பாடும் பெருமை உடையவருமாகிய திருக்குன்ற வேளுக்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டையும் குடிகளும் நலம் பெறுக. நும் இல்லாளுக்கும் மக்களுக்கும் நம் ஆசிகள் உரித்தாகுக. இவ்வோலையை நும் அவை நிறைந்திருக்கும் பொழுது, கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கச் செய்வீர். காதோடு காதாகப் படித்துச் சுருட்டி வைக்கும் ஓலை அன்று இது.

முதலில் கட்டளை, காரணம் பின்னே. கீழேரி என்னும் ஊரில் ஆவுடையாள் என்பவள் மீது நீவிர் முத்திரையிட்டு விதித்த தண்டம், இவ்வோலை நும் கையைத் தொட்ட கணமே நின்றுபோகிறது. வரும் சந்தை நாளில் நெல் அளக்கும் மரக்காலை வெறுமையாக அவள் கழுத்தில் கட்டி, கட்டைவண்டியில் ஏற்றி, நெல் திருடி என்று பறையறைந்து ஊர் சுற்றுவதும், பின்னர் அவள் குடிசையைப் பறித்துச் சீமையின் எல்லைக்கு அப்பால் இறக்கிவிடுவதும் நடவா. நம் ஆணையை மீறி நடக்குமாயின், அந்த வண்டிக்கு முன்னே நாமே நடந்து வருவோம். அந்தக் காட்சியை நும் சீமை காண வேண்டுமா என்பதை நீவிரே எண்ணிப் பார்த்துக்கொள்வீர்.

ஆவுடையாள் யாரென்று நும் அவையில் ஒருவரேனும் கேட்டனரா? கீழேரியின் கரை உடைந்த மழைக்காலத்தில், மண்மூட்டையைத் தோளில் சுமந்து மடைக்குள் இறங்கியவன் அவள் கணவன். மூட்டை உடைப்பை அடைத்தது. அவன் மேலே வரவில்லை. அதே வெள்ளத்தில் சுவர் சரிந்து அவளுடைய இரு கால்களும் முடங்கின. இத்தகையோர் யார் வாசலிலும் கையேந்தி நிற்கலாகாது என்றே நம் தந்தையார் களஞ்சியத்தைத் திறந்து, மாதந்தோறும் அறநெல் வழங்கும் வழக்கத்தை நிறுவினார். அது பிச்சை அன்று. இந்நாடு அவர்களுக்குச் செலுத்தும் கடமை.

ஆவுடையாளின் அடுத்த வீட்டுக்காரி, பாவாயி என்னும் நெசவுக்காரி, தறியை அப்படியே விட்டுவிட்டு நடந்தே நம் வாயிலுக்கு வந்தாள். காவலர் தடுத்தும் நகராமல் நின்றாளாம். நம் முன் வந்ததும் அவள் வணங்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. "அவ வீட்டு அடுப்புல பூனை படுத்துத் தூங்குது தாயி. அவளைப் போயி நெல்லுத் திருடிங்கிறாங்களே, இது அடுக்குமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதை அவள் வாய்மொழியாகவே இங்கு எழுதச் செய்திருக்கிறோம். நம் எழுத்துநாயகம் அதைத் திருத்தி எழுத முற்பட்டார். வேண்டாம் என்று தடுத்தோம்.

முன்பே நம் அரண்மனைக்கு வந்திருந்த நும் தீர்ப்பின் படியை உடனே எடுத்துப் படிக்கச் செய்து கேட்டோம். அறநெல் ஆய்வு நாயகம் விடங்கன், அவள் வீட்டு வாசலில் நின்று, வீட்டில் நெல் இருக்கிறதா என்று வினவினான் என்றும், அவள் தன் வாயாலேயே "நெறஞ்சிருக்குங்க சாமி" என்று விடை கூறினாள் என்றும், வீட்டில் நெல் நிறைந்திருக்க அறநெல்லும் வாங்கியது வஞ்சகம் என்றும் அதில் கண்டிருந்தது. தன் வாயால் ஒப்புக்கொண்டவளை எவ்வாறு காப்பது என்று நம் அவையோரில் ஒருவர் மெல்லக் கேட்கவும் செய்தார்.

பாவாயியை நோக்கி, வந்த களைப்புத் தீர உண்டாயா என்று கேட்டோம். "வவுறு நெறஞ்சிருக்கு தாயி" என்றாள். அவள் கண்கள் குழிந்திருந்தன, உதடு வெடித்திருந்தது. இலை போடச் செய்தோம். வேண்டாம் வேண்டாம் என்றவள், முதல் சோற்றைப் பிசைந்த பிறகு தலை நிமிரவில்லை. மூன்றாம் முறை பரிமாறும்போதுதான் அவளுக்குப் பேச்சே வந்தது. விடங்கன் எந்த வேளையில் வந்தான் என்று கேட்டோம். விளக்கு வைத்த நேரம் என்றாள்.

தம்பி, அதன் பின் நமக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நம் அரண்மனை மடைப்பள்ளியில் உப்புத் தீர்ந்த நாளில், உப்பு இல்லை என்று நம் தாயார் வாயிலிருந்து ஒரு தரமேனும் வந்ததுண்டா? உப்பு நிறைந்திருக்கிறது என்பார். உடனே பண்டகசாலைக்கு ஆள் ஓடும். விளக்கை அணை என்னாது குளிரவை என்பார். திருமகள் வாசலில் கால் வைக்கும் வேளையில் இல்லை என்ற சொல்லை எந்தத் தென்கரைப் பெண் சொல்வாள்? பட்டினியால் சுருண்டு கிடந்தாலும் சொல்லமாட்டாள். இது நும் சீமையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நமக்குத் தெரியும். நுமக்கும் தெரியும், தெரிந்திருந்தும், எந்த வேளையில் கேட்டான் என்று வினவாமலே முத்திரை வைத்தீர். அதுதான் நம் நெஞ்சை அறுக்கிறது. போருக்குப் புறப்படும் வீரன் போய்வருகிறேன் என்று சொல்லிப் போகிறான்; திரும்பி வராதவனைப் பொய்யன் என்று தீர்ப்பெழுதுவோமா? ஆவுடையாளின் கணவனும் அன்று மடைக்கு இறங்குமுன் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

விடங்கனுக்கு இது தெரியாதென்று யாரேனும் சொன்னால் நாம் நம்பமாட்டோம். அவன் பிறந்ததும் தென்கரை, பெண் எடுத்ததும் தென்கரை. பகலெல்லாம் சத்திரத்தில் உறங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கு வைத்த வேளை பார்த்தே போயிருக்கிறான். கேட்டவர் எல்லாரும் நிறைந்திருக்கிறது என்றே சொல்லியிருக்கின்றனர். அறநெல் பெறுவோர் பாதியாகக் குறைந்தனர், சீமை செழித்துவிட்டது என்று நும் அவையில் கூறிப் பட்டுப்போர்வையும் பெற்றிருக்கிறான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். அடடா, என்ன செழிப்பு! கொடாமல் மிஞ்சிய நெல்லைக் களஞ்சியத்தில் எலி தின்று கொழுக்கிறதாம். அந்த மட்டில் செழிப்பு உண்மையே.

பொய் சொல்லி அறநெல் பெறுவோரும் உளர் என்று நீவிர் மறுமொழி எழுதுவீர். உளர். ஏர்மாடும் நன்செயும் வைத்துக்கொண்டு கிழிந்த துணியுடுத்தி வந்து நின்றவனை நாமே பிடித்திருக்கிறோம். அவனைப் பிடிப்பதில் நமக்கு இரக்கம் இல்லை. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் ஆட்சி நம் ஆட்சி அன்று. அவனைப் பிடிக்க விரித்த வலையில் அவன் அகப்படவில்லை. ஓட முடியாத ஆவுடையாள் அகப்பட்டாள். வலையின் இலட்சணம் அதுவே.

ஆகையால், விளக்கு வைத்த வேளையில் விடை சொன்னதற்காக நிறுத்தப்பட்ட அனைவருக்கும் அறநெல் மீண்டும் செல்க, அதுவும் அவரவர் வாசலுக்கே செல்க. இனி ஒருவர் மேல் ஐயம் எழுந்தால் ஆய்வு நடக்கட்டும், நெல் நிற்கலாகாது. வழக்கு முடியுமட்டும் வயிறு காத்திராது. ஆய்வுக்குச் செல்வோர் பகலில் செல்க, அழைத்தால் உள்ளே சென்று அமர்க, இல்லை என்ற சொல்லை எவர் வாயிலிருந்தும் வரவழைக்க வேண்டா. அடுப்பைப் பார்த்தால் தெரியும். பானையைத் தொட்டால் தெரியும். பேச வராதவர்க்கும் அஞ்சி நடுங்குபவர்க்கும் அவர் நம்பும் ஒருவர் அருகிருந்து பேசுக. விடங்கன் தன் பட்டுப்போர்வையுடன் கொற்றநாவலூர் வந்து நம் முன் நிற்க. எந்த வேளையில் வந்தாலும் அவனை விசாரிப்போம்.

இவ்வாணையை நிறைவேற்றக் காலந்தாழ்த்துவோர் எவராயினும், நம் குருதியே ஆயினும், அவர் காவல் பொறுப்பு அன்றோடு நீங்கும். இதை அச்சுறுத்தலாக எழுதவில்லை, நடக்கப்போவதை எழுதுகிறோம். நாவல் முத்திரை இட்டோம். நாடு கேட்க, நீர்மேல் ஆணை, நெல்மேல் ஆணை.

முத்திரை இட்ட பின்னர் நம் கையால் எழுதுவது; இதை அவையில் படிக்க வேண்டா.

குன்றா, அக்காள் எழுதுகிறேன். கீழேரிக்கு ஆளை அனுப்பாதே. நீயே போ. குதிரையை ஊர் எல்லையில் விட்டுவிட்டு, நெல்மூட்டையை உன் தோளிலேயே சுமந்து போ. அவள் முன் தரையில் உட்கார்ந்து, தவறு செய்துவிட்டேன் தாயே என்று உன் வாயால் சொல். அவள் பதறிப்போவாள். "அதனாலென்னங்க சாமி, எனக்கென்ன கொறை" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நிம்மதியாக எழுந்து வந்துவிடாதே. உட்கார்ந்தே இரு. என்ன குறை என்று அவள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்தே இரு.