சனியைத் தாண்டி

மதுரை,
5.9.81

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ரயிலேறிய பிறகு அக்காவின் பதினாறாம் நாளும் முடிந்தது. சனிப்பிணம் துணை தேடும் என்று பாடையில் கோழி கட்டினோமே. கைக்குழந்தை புட்டிப்பால் குடிக்கிறது.

சனிக்கோளைப் பார்த்து முடித்த விண்கலத்தை அதோடு நிறுத்துவதா, இன்னும் தொலைவுக்கு அனுப்புவதா என்று யோசித்து, அனுப்புவதென்றே முடிவு செய்தார்களாம். சிம்மக்கல்லில் பேப்பரில் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"சனியப் பத்தி வீட்டுல பேசாதடி. படிச்சது போதும். ஆத்தா இல்லாத பச்சப்புள்ளைக்கு உன்னய விட்டா ஆரு இருக்கா?" என்றாள்.

நேற்று மச்சான் வீட்டார் எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அக்காவின் வளையல்கள் எனக்குச் சரியாக இருக்கின்றன.

எம்.எஸ்ஸி.யில் சேர வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் அப்பா கேட்பார்.

கோழி போதவில்லை, அண்ணே.

உன் தங்கை