வாழ்த்துக்கு ஒரு மெமோ

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளியில் ஒன்பது வருடம் தேர்வு அட்டவணை போட்டவள் நான். ஒரு முறை கணக்குத் தேர்வன்று ஒரு மாணவி புதுத்துணி உடுத்தி வந்து உட்கார்ந்தாள். “டீச்சர், இன்னைக்கு எங்களுக்குப் பண்டிகைன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா என்றேன். “உங்க பண்டிகைய யாராவது வந்து சொன்னாங்களா டீச்சர்?” என்றாள். வாயாடி என்று மனதுக்குள் திட்டிவிட்டு வினாத்தாளைக் கொடுத்தேன்.

இங்கே நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறையவில்லை. வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணை உனக்கு நினைவிருக்கும். உங்கள் கம்பெனியின் இந்த ஊர்க் கிளையில் வாடிக்கையாளர்களின் புகார் போன்களை எடுக்கிறாள். நேற்று ஒரு தாளோடு வந்து, “கொஞ்சம் திருத்திக் குடுங்க டீச்சர், திங்கக்கிழமை குடுக்கணும்” என்றாள். மன்னிப்புக் கடிதம். பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். ‘வருந்துகிறேன்’ என்றிருந்ததை ‘மிகவும் வருந்துகிறேன்’ ஆக்கினேன். ‘தாழ்மையுடன்’ என்று ஒன்றைச் சேர்த்தேன். மூன்றாவது வரிக்கு வந்த பிறகுதான், என்ன தப்பு செய்தாய் என்று அவளைக் கேட்கத் தோன்றியது. முப்பத்து மூன்று வருட ஆசிரியை! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் மெமோவை நீட்டினாள். அடியில் உன் கையெழுத்து.

இந்தப் பதினைந்து நாளும் போனை எடுத்தவுடன் நம் பண்டிகையின் பெயரைச் சொல்லி வாழ்த்த வேண்டும் என்பது உன் உத்தரவு. ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவரையும் வாழ்த்த வேண்டும்! சரி. நம் பண்டிகை முடிந்து எட்டாம் நாள் அவளுடைய பண்டிகை. அதனால் அவள், “பண்டிகைக் கால வாழ்த்துகள்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாடிக்கையாளர், “பண்டிகை பேரச் சொன்னா வாய் வெந்துருமா?” என்று கத்தியிருக்கிறார். அவருடைய ஃபிரிட்ஜ் அன்று சாயங்காலமே ஓடிவிட்டது. அதற்கும் அவள்தான் மெக்கானிக்கிடம் நான்கு முறை பேசியிருக்கிறாள். ஆனால் மெமோ வந்துவிட்டது. மன்னிப்பு எழுதித் தராவிட்டால் மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டீர்களாம்.

உடனே உனக்குப் போன் செய்தேன். “வாழ்த்துதானேக்கா, யாரையும் திட்டவா சொன்னோம்? இதுல எங்க மதம் வந்துச்சு?” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னை இதை எழுத வைத்தது. வெறும் வாழ்த்துதான் என்றால் அவள் சொன்னதும் வாழ்த்துதானே? அதற்கு எதற்கடா மெமோ?

போன வருடம் தன் பண்டிகைக்கு மறுநாள் அவள் ஆபீசுக்கு இனிப்பு கொண்டுபோனாள். எல்லோரும் எடுத்துத் தின்றுவிட்டு, “என்ன விசேஷம்? கல்யாணம் கில்யாணம் நிச்சயமாயிருச்சா?” என்று கேட்டார்களாம். ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள் கேட்ட கேள்வி அது. இந்த வருடம் அந்த ஒரு நாளுக்கு லீவு கேட்டாளாம். சீசன் நேரம், சொந்த வேலைக்கெல்லாம் லீவு கிடையாது என்றதாம் உன் அலுவலகம். நமக்கு வந்தால் அரசு விடுமுறை, அவளுக்கு வந்தால் சொந்த வேலை. நாம் ஒருநாளும் மனு எழுதிக் கேட்டதில்லை, தம்பி. நமக்கு எல்லாம் காலண்டரிலேயே சிவப்பில் அச்சாகி வந்துவிடுகிறது. கேட்டு வாங்குகிறவளைத்தான் வம்புக்காரி என்கிறோம்.

நான் திருத்திய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. “வேற தாள்ல எழுதிக்கிறேன் டீச்சர், வேல போயிட்டா அப்பாவ யாரு பாக்கறது?” என்றாள். நீ மனது வைக்காவிட்டால் திங்கட்கிழமை அதைக் கொடுத்துவிடுவாள். வேலை தங்கும். ஆனால் தினமும் காலையில் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போது அவள் சொல்லும் வணக்கத்தை எந்த முகத்தோடு நான் வாங்கிக்கொள்வேன், சொல்லு.

மெமோவை வாபஸ் வாங்கு என்று உத்தரவு போட நான் உன் முதலாளி இல்லை. அக்காவாகக் கேட்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னிடம் வேலை பார்க்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்று உன் மேசைக்கு வரும் முதல் பத்து போனையும் எடுத்தவுடன் அவளுடைய பண்டிகையின் பெயரைச் சொல்லி வாழ்த்து.

ஆசிகளுடன்,
அக்கா