பங்கு போடச் சம்மதிக்கவில்லை, தம்பி

என் கையில் சோறு தின்று வளர்ந்த சின்னராசுத் தம்பிக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தபோது அழுதேன், அவ்வளவுதான். இப்போது வந்திருப்பது கோபம். உன் அண்ணனிடம் சொன்னால் "விட்டுத் தள்ளு பார்வதி" என்கிறார். விட முடியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

போன வாரம் உன் பல்கலைக்கழகத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நானும் உன் அண்ணனும் றொசல்லயில் காலை ரயில் ஏறிப் போனோம். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். நீ உயிரோடு இருந்தபோது உன்னை வெளியே பெஞ்சில் காக்க வைத்த அதே மனிதர்கள் எழுந்து நின்று "அபூர்வமான மூளை" என்று பேசினார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன் கதை தெரியாது. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது நீ சின்னப் பையன். அடுத்த வருஷமே மாமி இறந்தார். உன் அம்மா ஒரு மாதமாக, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நின்று "முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கங்காணி கேட்கவில்லை. "யாருக்குத்தான் முடியுது? கூடையத் தூக்கு" என்றார். ஒரு நாள் மாமி மலையில் நிரைக்கு நடுவே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த அன்று நீ என்னிடம் வந்து கேட்டாய். "அம்மா சொன்னது அவங்களுக்கு ஏன் அண்ணி கேக்கல?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தானே நீ படித்தாய்? அட்டனில் படித்து, பல்கலைக்கழகம் போய், பட்டம் வாங்கி, கலாநிதி என்கிற டாக்டர் பட்டத்துக்கு அதையே ஆராய்கிறேன் என்று நின்றாய். தோட்டத்துப் பெண்ணின் நோய் ஏன் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் உன் ஆராய்ச்சி.

மருத்துவத் துறைக்குப் போனாய். நோய் சரி, கூலியும் பேச்சு வழக்கும் எங்களுக்கு எதற்கு என்றார்கள். பொருளியலுக்குப் போனாய். கூலி சரி, இரத்தப் பரிசோதனை எங்கள் வேலை இல்லை என்றார்கள். தமிழ்த் துறையில், லயத்துப் பேச்சில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். உடனே ஓடி வந்துவிட்டாயா? நீயே உட்கார்ந்து ஒரு படிப்பை வகுத்தாய். மருத்துவத்தில் எதைப் படிப்பேன், மொழியில் எதை, தொழில் சட்டத்தில் எதை, யார் யார் என்னைச் சோதிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தாய்.

"இப்படி ஒரு பட்டம் இங்கே கிடையாது. உங்களை எந்தத் துறையின் கலாநிதி என்று கூப்பிடுவது?" என்று கேட்டார்களாம். நீ இங்கிலீஷில் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். "எங்க அம்மா எந்தத் துறையில செத்தாங்கன்னு சொல்லுங்க, அதிலேயே சேந்துக்கிறேன்." உன் அண்ணன் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

அனுமதி கொடுக்க அவர்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று வேறு கேட்டார்கள். இந்த மலையில் பிறந்த உன்னிடம், நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள்.

பிறகு நாம் இருவரும் லயம் லயமாக அலைந்தோம். உன்னிடம் பெண்கள் எதையும் சொல்ல மாட்டார்கள் என்பதால், நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் வந்தேன். கந்தப்பளையில் ஒருத்தி, "மேலெல்லாம் கனத்துக் கெடக்கு டீச்சர். மேடு ஏறுனா கண்ணு இருட்டுது" என்றாள். அவளை முன்பு பார்த்த தோட்டத்து டிஸ்பென்சர் அதை இங்கிலீஷில் 'உடம்பு வலி' என்று எழுதி, வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்திருந்தார். நீ உன் டாக்டர் நண்பனைக் கூட்டி வந்து அவள் இரத்தத்தைப் பார்த்தாய். அவள் உடம்பில் இரத்தமே இல்லை.

"முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?" என்று கேட்டாய். "போனா அன்னிக்குப் பேரு போயிருமே தம்பி" என்றாள். பெரட்டில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னாய்: "ரத்தம், பேச்சு, பேரு. இதுல ஒண்ண எடுத்துட்டா மத்த ரெண்டும் பொய்யாப் போயிரும் அண்ணி."

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது உனக்குத் தெரியும். வலப்பனைப் பக்கம் மேடு ஏறும்போது நடுவில் நின்று கொழுந்தைப் பார்க்கிற மாதிரி நடித்தாய். நானும் நம்பினேன். ஊரில் உள்ள பெண்களிடமெல்லாம் "ஏன் சொல்லல?" என்று கேட்டவன், நீ யாரிடமடா சொன்னாய்? கடைசி அத்தியாயத்தை அரைகுறையாக வைத்துவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். எல்லாரும் பேசி முடித்த பிறகு எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மருத்துவம், பொருளியல், தமிழ் என்று உன்னை மேற்பார்வை செய்த மூன்று பேராசிரியர்களும் இருந்தார்கள். தமிழ்ப் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். மென்மையாகத்தான் தொடங்கினார்.

"கவலைப்படாதேங்கோ. தம்பியின்ர உழைப்பு வீண் போகாது. இரத்தச்சோகைப் பகுதியை மருத்துவத்திலை ஒரு மாணவர் எடுப்பார். கூலிப் பகுதி பொருளியலுக்கு. சொற்களை நான் தொகுத்துப் பதிப்பிப்பன். மூண்டிலையும் முன்னுரையிலை தம்பிக்கு நன்றி போடுவம்."

"அப்ப எங்க தம்பி எதுல இருப்பாரு?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. "என்ன கேக்கிறியள்?"

"ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டா, அவரு கேட்ட கேள்வி எந்தப் புஸ்தகத்துல இருக்கும்னு கேக்குறேன்."

பொருளியல் பேராசிரியர் குறுக்கே வந்தார். இறந்தவருக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றும், ஒரு துறைக்குள் வராத ஆய்வை யாரும் படிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அவரு உசுரோட வந்து நின்னப்ப எங்க துறை இல்லன்னு மூணு பேரும் வெரட்டுனீங்க. இப்ப மூணு பேரும் எங்களோடதுங்கறீங்க. இந்தியா, இலங்கைன்னு ரெண்டு கவர்மெண்டும் சேந்து எங்க சனத்தையே இங்க இத்தன, அங்க இத்தனன்னு பங்கு போட்டாச்சு. எந்த வீட்டுல யாரு இருப்பா, யாரு கப்பலேறுவான்னு தெரியாம நிக்கிறோம். இதையாவது முழுசா இருக்க விடுங்க சாமி" என்றேன். மேசை மேல் இருந்த உன் ஆராய்ச்சிக் காகிதக் கட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தமிழ்ப் பேராசிரியர் பின்னாலேயே வந்தார்.

"தங்கச்சி, பதிவு செய்த ஆள்தான் சமர்ப்பிக்கலாம். அது சட்டம். ஆனா நிண்டுபோன ஆய்வை வேறை ஆள் தொடரக் கூடாதெண்டு சட்டம் இல்லை."

"அந்த வேற ஆளு நானா இருக்கலாமா ஐயா?"

"முதல் பட்டம் ஒண்டு வேணுமே."

"எடுத்துட்டு வந்தா?"

"பாப்பம்."

"பாப்பம்னா என்ன அர்த்தம்?"

"நான் ஓய்வு பெற முந்தி வாங்கோ. கையெழுத்துப் போடுவன்" என்றார்.

ரயிலில் திரும்பினோம். நாவலப்பிட்டி தாண்டியதும் உன் அண்ணன் பேசினார். "குடுத்திருந்தா மூணு புஸ்தகத்துல அவன் பேரு வந்திருக்குமே பார்வதி."

"நன்றின்னு பொடி எழுத்துலதானங்க?"

"பொடி எழுத்தா இருந்தா என்ன? பேருதானே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பி, நான் செய்தது சரியா? நீ பெயர் இல்லாமலே போய்விட நானே காரணமாகிவிடுவேனா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

வீட்டிலிருந்தே படித்து வெளிவாரியாகப் பட்டப் பரீட்சை எழுத விண்ணப்பித்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் சிரித்தார். "புள்ளைங்க படிக்கிற வயசுல நீங்க படிக்கப் போறீங்களா டீச்சர்?" என்றார். சிரிக்கட்டும்.

நேற்று உன் அண்ணன், நான் சொல்லாமலே அட்டனுக்குப் போய் ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறார். யாருக்கு என்று கடைக்கார முஸ்லிம் நானா கேட்டாராம். "எங்க வீட்டம்மாவுக்கு. டாக்டருக்குப் படிக்குது" என்றாராம். "மாஷா அல்லாஹ்! அப்ப உங்க தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே வருவாங்களா?" என்று நானா கேட்க, இவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். உனக்குச் சிரிப்பு வருகிறதா?

எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது. பட்டம் வாங்குவேன். உன் கடைசி அத்தியாயத்தை முடிப்பேன். அந்த அறைக்கு மறுபடி போய் அதே மேசை மேல் முழுதாக வைப்பேன். ஒரு பக்கத்தைக்கூடத் தனியாகக் கேட்டால் கொடுக்க மாட்டேன். முதல் பக்கத்தில் உன் பெயர் இருக்கும், அதற்குக் கீழே என் பெயர். துறை என்று போட்டிருக்கும் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுக்கப் போகிறேன். அதில் என்ன எழுதுவது என்று அதற்குள் அவர்கள் யோசித்து வைக்கட்டும்.

உன்னை யாருக்கும் பிரித்துக் கொடுக்காத,
உன் அண்ணி
பார்வதி
றொசல்ல