ஏற்கெனவே பதிவான முகவரி

2 பெப்ரவரி, திங்கள்

காலையில் நல்ல பனி. பண்டத்தரிப்பிலிருந்து சுன்னாகம் வரை ஸ்கூட்டரில் வந்ததில் முகம் விறைத்துப் போயிற்று. சந்தை முழுக்க வெங்காய லொறி. அலுவலகப் படியேறவே இடமில்லை.

இன்றைய வேலை: கலியாணத் தரகர் ஐயாவின் இணையத்தளம். பதிகிறவர்கள் போடும் மின்னஞ்சல் சரியா என்று பார்க்கும் பகுதி. இதுவரை முடிந்தவை:
– இடைவெளி விட்டு அடித்தவை, பாதி அடித்தவை: திருப்பி அனுப்பும்.
– கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உருவாக்குகிற பொய் முகவரிகள்: உள்ளே விடாது.
– முகவரிக்கு ஒரு லிங்க் போகும். அதை அமத்தி, ஒரு பாஸ்வேர்ட் வைத்தால்தான் ஆள் தளத்தில் தெரியும்.

இவ்வளவும் போன மாதமே ஓடத் தொடங்கிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: ஒரு முகவரிக்கு ஒரு ஆள். தரகர் ஐயாவுக்கு இதில் விருப்பமில்லை. "எங்கடை சனத்துக்கு வீட்டுக்கொரு மெயில் தான், பிள்ளை. அதுவும் வெளியிலை இருக்கிற பெடியன்ரை." உண்மைதான். ஒரு வீட்டில் மூன்று சகோதரிகளும் ஜேர்மனியில் இருக்கும் தம்பியின் முகவரியைப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் முதலாளி குகன் அண்ணை விடவில்லை. சட்டம் சட்டம்தானாம்.

வெள்ளிக்கிழமை எனக்கு எழுத்து, கலியாணப் பதிவு. மாப்பிள்ளை ரமணன் (இனி ர.) நாளை கனடாவிலிருந்து வருகிறார். தாலி ஆவணியில். இப்போது பதிவாளர் முன்னால் கையெழுத்து மட்டும், விசா அலுவல் தொடங்குவதற்கு. தைத்த பிளவுஸ் எடுக்க வேண்டும். மறக்கக்கூடாது.

3, செவ்வாய்

வெயில். எழுதவே கை வரவில்லை.

ஒரு முகவரிக்கு ஒரு ஆள் என்ற பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மனப்பாடமாக உள்ள முகவரிகளை அடித்தேன். என்னுடையது: போயிற்று. குகன் அண்ணையுடையது: போயிற்று. ர.வுடையது. சிவப்பு எழுத்தில்: இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது.

பிழை என் வேலையில்தான் இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நேர்ந்துகொண்டேன். திரும்ப அடித்தேன். பெரிய எழுத்தில் அடித்தேன். குகன் அண்ணையையும் பார்க்கச் சொன்னேன், யாருடைய முகவரி என்று சொல்லாமல். "எல்லாம் சரியா வேலை செய்யுது" என்று பாராட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஆட்களின் விபரத்தை நாங்கள் திறப்பதில்லை. இன்றைக்குத் திறந்தேன். ர.வேதான். நட்சத்திரம், வேலை, நகரம். உயரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டிருக்கிறார். மணமகள் தேவையாம். பதிந்தது தைப்பொங்கலுக்குப் பிறகு. எங்கள் எழுத்துக்கு நாள் வைத்தது மார்கழியில். பக்கத்தில் பச்சையாக: உறுதி செய்யப்பட்டது.

இந்தத் தளத்தைப் பற்றி அவருக்குச் சொன்னதே நான். ஒவ்வொரு நாள் காலையும் போனில் என் வேலைக் கதைதான். சனம் பிழையாக அடிக்கும் முகவரிகளைச் சொல்லிச் சிரிப்போம். பொய் முகவரி போட்டால் என் படிவம் விடாது என்று பெருமையடித்தேன். அதனால்தான் உண்மையானதைப் போட்டிருக்கிறார். ஆட்களின் விபரத்தை நாங்கள் பார்ப்பதில்லை என்றும் சொன்னேன். அதையும் நம்பியிருக்கிறார். என் நேர்மையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ர.வின் அக்கா இங்கே சுன்னாகத்தில்தான் இருக்கிறார். அவரே தம்பிக்காகப் பதிந்து, தம்பியின் மெயிலையும் திறந்து லிங்க்கை அமத்தி, பாஸ்வேர்டும் வைத்திருக்கலாம். எங்கள் வீடுகளில் நடக்காத காரியமா? அப்படியென்றால் ர.வுக்கு ஒன்றும் தெரியாது.

தலையிடி என்று சொல்லி, ர. வந்திறங்கியபோது எதிர்கொள்ளப் போகவில்லை. பிளவுஸும் எடுக்கவில்லை.

4, புதன்

விடுமுறை. ர.வும் அக்காவும் கீரிமலையில் குளித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு. ஒரு பை சொக்லேட். அம்மா உழுந்துவடை சுட்டிருந்தார். ர. படத்தில் இருப்பதைவிட மெலிவு. பார்த்ததும் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் பெரிய கொடுமை.

வடை முடியும் வரை பொறுத்திருந்து கேட்டேன். தளத்தில் உங்கள் பெயர் இருக்கிறதே, ஏன் என்று.

"அது அக்கா போட்டிருப்பா. எனக்கு உது ஒண்டும் தெரியாது."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னை. "ஓம் பிள்ளை, நான் தான் போட்டனான். இந்தப் பேச்சு குழம்பினாலும் குழம்பும் எண்ட பயத்திலை. கோவிக்காதையும்."

எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்கு அதைவிட. அப்படியென்றால் அதை அழித்துவிட்டால் முடிந்ததே என்றார் அம்மா. ர. உடனே போனை எடுத்தார். தளத்தைத் திறந்தார். ஒரு விரலால் கடகடவென்று பாஸ்வேர்டை அடித்தார். அழித்தார். என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இஞ்சை பாரும், அழிச்சாச்சு. இனி என்ன?"

அம்மா கூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"பாஸ்வேர்டை அக்கா எப்ப உங்களுக்குச் சொன்னவா?" என்று கேட்டேன்.

ர. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அக்காதான் பேசினார், மிகவும் மெதுவாக. "என்னையும் பொய் சொல்ல வைச்சிட்டாய், தம்பி."

பிறகு ர. நிறையப் பேசினார். சும்மா பார்த்ததாம். அங்கே எல்லோரும் செய்வதாம். நான் பெரிதாக்குகிறேனாம். குரல் போனில் கேட்ட அதே இனிமை.

5, வியாழன்

அம்மா கதைக்கவில்லை. மத்தியானம் சோறு போடும்போது மட்டும்: "நாலு இடம் பாக்காத ஆம்பிளை ஆர்? நீ ஏன் அதைத் திறந்து பாத்தனி?"

ர. செய்ததுகூட இப்படி வலிக்கவில்லை. நான் பார்த்ததுதான் குற்றம். அவர் பதிந்தது ஊர் வழமை.

ர. ஏழெட்டுத் தரம் போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ர.வின் அக்கா ஒருதரம் கூப்பிட்டார். எடுத்தேன். சாப்பிட்டீரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

6, வெள்ளி

முகில். மழை வராது.

காலையில் குசினியில் அம்மா போனில் கதைப்பது கேட்டது. பதிவாளரோடு. எனக்குக் கடும் காய்ச்சலாம், அடுத்த கிழமைக்குத் தள்ளிவைக்கட்டுமாம், மாப்பிள்ளை வீட்டாருக்கும் சம்மதமாம். மாப்பிள்ளை வீட்டாரோடு எப்போது கதைத்தார்? என்னிடம் ஒரு சொல் இல்லை.

அம்மா கோயிலுக்குப் போகும் வரை இருந்தேன். பிறகு அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போன போனில் பதிவாளரின் இலக்கத்துக்கு எடுத்தேன்.

"ஐயா, நான் கலியாணப் பொம்பிளை கதைக்கிறன். எனக்குக் காய்ச்சல் இல்லை."

"அப்ப இண்டைக்கே வாறியளோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. அடுத்த கிழமையும் வரமாட்டன்."