ஏழு பிள்ளைகளின் பட்டியல்

டீச்சர்,

என் மகளின் கொப்பிக்குள் இன்று ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. ‘நாளை கல்விக் கந்தோரிலிருந்து வருகிறார்கள். பிள்ளை வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.’ ஓய்வாம்! எட்டு வயதுக்காரிக்கு என்ன ஓய்வு வேண்டிக்கிடக்கிறது? ஓரிடத்தில் இருக்கமாட்டாள், வாசிக்கத் திணறுவாள், அதுதான் அவள் குற்றம். பள்ளிக்கூடத்தைத் திட்ட வாயெடுத்தேன். போன மாதம் வவுனியாவில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள், ஆனாலும் உங்கள் முகம் வந்து மறித்தது.

எண்பத்துமூன்றாம் வருடக் கலவரம் முடிந்து இரண்டாவது வருடம் அது. வீடு எரிந்த பிறகும் யாழ்ப்பாணத்துக்குப் போகாமல், கண்டியில் எங்கள் பள்ளியிலேயே மேல் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்தீர்கள். உங்கள் மகள் நான் படிப்பித்த மூன்றாம் வகுப்பில். எழுத்துகளை இடம் மாற்றி எழுதுவாள், கதிரைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அவளை நான் ‘மரமண்டை’ என்றிருக்கிறேன். இப்போது எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

கல்விக் கந்தோர் ஐயாமார் பள்ளியைப் பரிசோதிக்க வரும் நாளில் ‘மக்கு’களை வீட்டில் நிறுத்திவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். அதிபர் கேட்டார், ஏழு பெயர் எழுதிக் கொடுத்தேன். கூட வேலை செய்பவரின் பிள்ளை என்றும் பார்க்கவில்லை. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன் வேறு!

விஷயம் தெரிந்ததும் என் வகுப்பு வாசலில் வந்து நின்றீர்கள்.

“நீர்தான் எழுதினீரோ?”

“ஒரு நாள்தானே டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க.”

“பேர்ப்பட்டியலோட வந்துதான் எங்கட வீட்டை எரிச்சவங்கள். அவங்களுக்கு எங்களைத் தெரியாது. உமக்கு என்ர பிள்ளையைத் தெரியுமே.”

பட்டியலை நான் திருப்பி வாங்கவில்லை. ஐயாமார் வந்தார்கள், கட்லட் தின்றார்கள், ‘நல்ல வகுப்பு’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதிபர் மெச்சினார். வெட்கங்கெட்டுச் சிரித்தேன்.

மறுநாள் உங்கள் மகள் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமே இல்லை.

“டீச்சர், நேற்று நான் இல்லாமல் வகுப்பு நல்லா இருந்ததோ?”

“ஆமா, நல்லா இருந்துச்சு.”

சொன்னேன், டீச்சர். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உங்களிடம் இதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பதினைந்து வருடமாக இது என்னோடுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததும்தான்.

அடுத்த தவணையில், ஐயாமார் மறுபடி வருகிறார்கள் என்று வகுப்பில் அறிவித்தேன். அந்த முறை பட்டியல் எழுதவில்லை. பள்ளி விட்டதும் அவளே என்னிடம் வந்தாள்.

“நாளைக்கு நான் வரமாட்டன், டீச்சர். நீங்க பயப்படாதேங்கோ.”

‘வா’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.