தேயிலையில் ப்ளவர்

ஏட்டி,

நாலு நாளைக்கு முன்னால் ஒரு சென்னைப் பெண் என் உள்ளங்கையில் தேயிலைப் பூ ஒன்றை வைத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நான் இப்போது தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போவதில்லை. சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமைக்கிறேன். அந்தப் பெண் அங்கே தங்க வந்தவள். காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்பக்கச் சரிவில் சுற்றிவிட்டு வந்தாள். "ஆன்ட்டி, டீ செடியில ஃப்ளவர் பாருங்க, எவ்ளோ க்யூட்!" என்று நீட்டினாள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொடி. கையிலிருந்த கரண்டி நழுவி அடுப்பில் விழுந்தது. "எங்க பறிச்சீங்க?" என்று நான் கத்திய கத்தலில் பாவம், தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து, "சாரி ஆன்ட்டி" என்றாள்.

அவளுக்கு அது அழகு. நமக்கு என்றைக்கு அழகாக இருந்தது? தலையில் வைத்தால் பூ, சாமிக்குப் போட்டால் பூ. தேயிலையில் வருவதை மட்டும் நம் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், யாரும் பூ என்று சொன்னதில்லை. தோட்டத்தில் நம்மை வேலை வாங்குகிற கண்டக்டர் ஐயா சொல்கிற இங்கிலீஷையே நாமும் பிடித்துக்கொண்டோம். சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு என்கிற மாதிரி, 'மேல் பீல்டுல ப்ளவர் இருக்கு' என்போம். அங்கொன்று இங்கொன்று என்றால் கவலையில்லை. செடி முழுக்க ப்ளவர் அடித்தால், வேரில் ஏதோ கெட்டுவிட்டது, கொழுந்து விடத் தெம்பில்லை என்று அர்த்தம். காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது கண்டக்டர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அத்தனை பொம்பளைகளும் வாயை மூடிக்கொள்வோம்.

என் மகளின் ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தில் அதே வார்த்தை இருந்தது. பக்கத்தில் ஒரு பூ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். நீ புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இதுக்கு எதுக்குட்டி கண்ணும் மூக்கும் வச்சு சிரிக்க வச்சிருக்கான்? எழவு, அழுவுத மாதிரில்லா போட்டிருக்கணும்!" என்றாய். மகள் கோபித்துக்கொண்டு புத்தகத்தைப் பிடுங்கினாள். நாம் இரண்டு பேரும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்கு அடுத்த கோடையில்தான் அது நடந்தது. உன் லயத்துக்கு நேர் மேலே இருந்த பீல்டில் ப்ளவர் வந்தது. பீல்டு முழுக்க அல்ல. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஒரு வரிசை. மேலேயும் கீழேயும் செடிகள் பச்சையாக நிற்க, நடுவில் அந்த வரிசை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ப்ளவர் அடித்த பீல்டைத் தரிசு போடப் போகிறார்கள், கீழே உள்ள லயத்தையும் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. திங்கட்கிழமை தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை, பார்க்க வருகிறார் என்றும் சொன்னார்கள். உனக்குப் பாதி உயிர் போய்விட்டது. புருஷன் போன பிறகு உனக்கென்று இருந்தது அந்த ஒற்றை அறையும் நீ நீலம் அடித்த கதவும்தான். "எனக்கு வேற போக்கிடம் ஏதுட்டி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பறித்துவிடுவோம் என்று சொன்னது நான்தான். நீ இல்லை. நான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஏறினோம். கொழுந்து எடுக்கிற அதே வேகத்தில் ப்ளவரைப் பறித்துச் சாக்கில் போட்டோம். அதுவரை எந்தத் தோட்டத்திலும் எவளும் செய்யாத வேலை. பாதி வரிசையில் உன் கால் சடக்கென்று உள்ளே போனது. செடியை விலக்கிப் பார்த்தாய். "ஏட்டி, இங்கன மண்ணு வெடிச்சிருக்கு. இந்தப் ப்ளவர் என்னமோ சொல்லுதுட்டி."

"அது என்னத்தச் சொல்லும்? பெருச்சாளி வளையா இருக்கும். நீ கைய ஓட்டு" என்றேன். சொன்னதோடு விட்டேனா? மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, அந்த வெடிப்பை மூடினேன். நீயும் என் பேச்சைக் கேட்டுக் குனிந்துகொண்டாய். சாக்கைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டினோம்.

தொரை வந்து பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். அன்று சாயங்காலம் நீ மறையூர் சர்க்கரை போட்டுப் பாயசம் வைத்தாய். "எங் குடிய காப்பாத்திட்டட்டி" என்று எனக்கு இரண்டாம் டம்ளரும் ஊற்றினாய். அந்தத் தித்திப்பு இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. இன்றுவரை எனக்குப் பாயசம் ஆகாது.

ஆடி மழையில் ஒரு மத்தியானம். காய்ச்சல் என்று நீ வேலைக்கு வரவில்லை. பேக்டரிப் பக்கம் நின்ற எனக்கு, லாரியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் லயம் இருந்த இடத்தில் சேறு. உன்னை எடுக்க இரண்டு நாள் ஆனது. மலை எங்கிருந்து அறுந்தது என்று எல்லாரும் கைகாட்டினார்கள். நாம் பறித்த அதே வரிசை. உள்ளே மண் வெடித்து வேர் அறுந்துதான் அந்த வரிசை மட்டும் பூத்திருக்கிறது. 'ஒரு அறிகுறிகூட இல்லையே' என்று கண்டக்டர் ஐயா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாகத் திறக்கவில்லை.

அந்தச் சென்னைப் பெண் காட்டிய இடத்துக்கு ஏறிப் போனேன். சரிவுக்குக் கீழே இருக்கிற ஏழு வீட்டுக்கும் ஹோம்ஸ்டேக்கும் நேர் மேலே, ஒரே வரிசை, வெள்ளை. அப்போதும் என் கை என்ன செய்தது தெரியுமா? தானாகப் போய் ஒரு பூவைப் பிடித்தது, பறித்துப் போட. சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன்.

ஹோம்ஸ்டே முதலாளியிடம் சொன்னேன். "ஏக்கா, பூப் பூத்ததுக்கெல்லாம் மல எறங்குமா? சீசன் நேரத்துல ஆளுகளப் பேடிப்பிக்காதீங்க, பயந்து ஓடிருவாங்க" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. நமக்கிருந்த அதே பயம்தான், வீடு போய்விடுமே என்று. அவரோடு சண்டை போடாமல் வார்டு மெம்பர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். ப்ளவர் வந்திருக்கு என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? அதனால் உன் கதையைச் சொன்னேன். சாக்கு, ஓடை, என் கால் மிதித்த மண், எல்லாம். சொல்லி முடித்தபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வரிசைக்குப் போய்ச் செடியை விலக்கி, குடையை ஊன்றிப் பார்த்தார். குடை கைப்பிடி வரை இறங்கியது. கூட வந்திருந்த முதலாளி தானே இறங்கிப் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

இப்போது எல்லாரும் பள்ளிக்கூடத்தில் நிவாரணக் கேம்ப்பில் இருக்கிறோம். ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. மலை இன்னும் இறங்கவில்லை. கோழி போச்சு, மாடு பால் வற்றிப் போச்சு என்று என்னைத் திட்டுகிறார்கள். ஒருத்தி எனக்குப் பேரே வைத்துவிட்டாள், ப்ளவரக்கா. நீ கேட்டிருந்தால் உருண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு இடிக்கும் எழுந்துபோய்ச் சரிவைப் பார்க்கிறேன். மலை இறங்காமலே போகட்டும், நான் பைத்தியக்காரி என்றே பேர் எடுத்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் இந்தத் தடவை ஒரு பூவைக்கூட நான் பறிக்கவில்லை, ஏட்டி. அன்றைக்கும் பறிக்காமல் விட்டிருந்தால், நீயும் இப்படி ஒரு பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து, நீலக் கதவை நினைத்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.