இந்த வருஷத்து இடுப்பு நூல்

பம்மல்
13.11.2007

என் செல்ல மகள் ஜெயசீலிக்கு அப்பா ஞானையா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. குவைத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளாவேளைக்குச் சாப்பிட்டு கன்னம் ரெண்டும் பன் மாதிரி உப்பியிருந்தால் இன்னும் சந்தோஷம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், எங்களைவிட என் தொப்பை சுகம். வழக்கமாக இந்த இடத்தில் உன் மகள் பிளஸ்ஸியும் சுகம் என்று எழுதுவேன். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அளவு அனுப்ப வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் நூலை எடுத்தேன். உன் வீட்டுக்காரன் ஓடிப்போய், பால்குடி மறந்த பிள்ளையை எங்களிடம் விட்டு நீ விமானம் ஏறினதிலிருந்து நான்தானே வருஷா வருஷம் அவளை நிறுத்தி, உயரத்துக்கு ஒன்று இடுப்புக்கு ஒன்று என்று நூல் வெட்டி அனுப்புகிறேன், நீயும் அதை வைத்துத்தானே கவுன் எடுக்கிறாய். எப்போதும்போல நூலை முதலில் என் தொப்பையில் சுற்றி, பத்தலையே பிளஸ்ஸி, கடையில் போய் இன்னொரு கண்டு வாங்கி வா என்று கத்தினேன். சின்னதில் இதற்கே உருண்டு சிரிப்பாள். இப்போது போலீஸ்காரன் சோதனை போடுவதுபோல ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நான் சுற்றி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள், "எதுக்கு தாத்தா இது? அம்மா வேலை செய்யிற வூட்டுப் புள்ளைங்களுக்கு நூலு வேணாம். தொட்டாலே அளவு தெரிஞ்சிடும்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது கிண்டல் பண்ணித் தேற்றியிருப்பேன். மழை வரும்போலிருக்கு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள் மகளே.

போனில் அவள் ம் ம் என்பதை நீ வெட்கம் என்று நினைத்தாய், நாங்களும் அப்படியே நினைத்தோம். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை எவ்வளவு அடக்கம் பார் என்று தெருவே மெச்சியது, ஓய்வுநாள் பள்ளியில் நல்ல பிள்ளை என்று டிபன் பாக்ஸ் பரிசுகூடக் கொடுத்தார்கள். அது அடக்கம் இல்லையாம். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறாள், உச்சியில் முடியைப் பிடுங்கிப் பிடுங்கி அந்த இடம் சொட்டையாகிவிட்டது. டீச்சர் சொல்லி ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் மனசு டாக்டரம்மாவிடம் காட்டினோம். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, சின்ன வயசிலிருந்தே உள்ளே இறங்கின ஏக்கம், தூங்க மாத்திரை தருகிறேன், மற்றது மாத்திரையில் இல்லை என்றார்கள். அம்மா வந்தால் சரியாகுமா என்று உன் அம்மா ரத்தினபாய் கேட்டாள். வந்தால் ஆரம்பிக்கலாம் என்றார்கள், சரியாகும் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை, அதைப் பார்த்துத்தான் உன் அம்மாவே பயந்தாள்.

நீ வேலை பார்க்கிற வீட்டுக்காரம்மா விசாவை நீட்டிக்கலாம் என்றால் தலையாட்டிவிடாதே. அவள் வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டு வா. நீ வந்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று மட்டும் ஆசை வைக்காதே, உன்னை யாரோ மாதிரிப் பார்த்தாலும் நீ மூட்டையை அவிழ்த்து இங்கேயே உட்காரவேண்டும். நானும் கிழவனாகிக்கொண்டு வருகிறேன், சிரிக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நான் மட்டும் சிரிப்பேன்.

கர்த்தர் உனக்குத் துணையிருந்து கொண்டுவந்து சேர்க்கட்டும். ரோட்டைப் பார்த்துக் கடந்து போ. மறக்காமல் ஒன்று செய். பழைய நூலெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றாயே, போன வருஷத்து இடுப்பு நூலை எடுத்து இதோடு வைத்திருக்கும் நூலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பார். வளர்கிற பிள்ளை, நூல் சின்னதாகியிருக்கிறது. கவுன் அனுப்பாதே அம்மா. இனிமேல் நான் நூல் வெட்டமாட்டேன், நீ வந்து கையால் அளந்துகொள்.

வாசலைப் பார்த்தபடி உன் அப்பா,
ஞானையா